ஜெபத் தண்ணீரும் பதினாலு ஊசியும்

கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், கோயில் வாசலில் எங்கே நின்றாலும் ஒரே கேள்விதான். "எஸ்தரக்கா, ஒனக்கு இன்னாதான் ஆச்சு?" சிலர் பக்கவாதம் என்கிறார்கள், சிலர் செய்வினை என்கிறார்கள். எங்கள் சங்கத்துப் பெண்களிலேயே ஒருத்தி, நான் ஓடி ஓடி ஊழியம் செய்ததைப் பொறுக்காமல் சாத்தான் அடித்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் என் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். ஆனால் நான் செய்த வேலைக்குச் சாத்தான் மேல் பழி போட எனக்கு மனசில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இனிமேல் யார் கேட்டாலும் இந்த நோட்டைக் கையில் கொடுத்துவிடலாம்.

நாங்கள் மண்ணூரில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் தேவதாஸ் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஒரே மகள் ஜெயா, பத்தாவது படிக்கிறாள். 1991இல் எங்கள் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துப் பேப்பரில் எல்லாம் வந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருஷம் என்றால் ஐப்பசி மழையும் பதினாலு ஊசியும்தான் ஞாபகம் வரும்.

எங்கள் கோயிலின் பெண்கள் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக நான் செயலாளர். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போய் நிற்போம். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு என்று பார்ப்பதில்லை. ரசம் வைத்துக் கொடுப்போம், துணி துவைப்போம், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சுற்றி எல்லோரும் கை வைத்து ஜெபம் செய்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்போம். தாகத்தோடு இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய ஊழியம் இல்லை என்று கேட்டு வளர்ந்தவள் நான். சாதாரணக் காய்ச்சல் மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும். பேர் மட்டும் என் தண்ணீருக்கு வந்துவிடும். "ஏரித் தண்ணிய ஜெபம் பண்ணி பாட்டில்ல ஊத்தி வித்தா நா கம்பெனிக்கே போவ வேணாம்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் வரும். உள்ளுக்குள் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் முனுசாமியும் அவன் பெண்டாட்டி செல்வியும் வாடகைக்கு இருந்தார்கள். அவனுக்குச் சொந்த ஊர் வடக்குப்பட்டு. இருபத்தெட்டு வயசு இருக்கும். ஒரகடம் போகிற வழியில் வயலை மடக்கி, ஏதோ கம்பெனி வரப்போகிறது என்று சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே வாட்ச்மேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் நாலு நாய்க்குட்டிகள். செல்வி கட்டிக் கொடுக்கிற சோற்றில் பாதி குட்டிகளுக்குத்தான் போகும். "ஒனக்கு ஆக்கிப் போட்டனா, ஒன் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டனா?" என்று அவள் தினமும் சண்டை பிடிப்பாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் செல்வி ஓடி வந்தாள். "எக்கா, ரெண்டு நாளா காய்ச்ச. பச்சத் தண்ணி பல்லுல படல. டம்ளர பாத்தாலே மூஞ்ச திருப்பிக்கிறாரு. நீ வந்து ஒரு ஜெபம் பண்ணுக்கா." அன்று காலை கத்திரிக்காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் என் ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டிருந்தது. மஞ்சள் வைத்து விட்டுவிட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னால் வந்ததெல்லாம் அந்த வெட்டு வழியாகத்தான் வந்தது.

சங்கத்துப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முனுசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து "வாங்கக்கா" என்றுகூடச் சொன்னான். நாங்கள் டம்ளரில் கை வைத்து ஜெபம் செய்தோம். அதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவ்வளவுதான், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மூச்சு உள்ளே இழுத்தபடி அப்படியே நின்றது. கண் பிதுங்கியது. கையால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டினான், அது போய் வாசற்படியில் விழுந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபம் பண்ண தண்ணிய கண்டா அலறுது பாரு. இது காய்ச்சல் இல்லடி. உள்ள கீறது அவன்தான்" என்றேன். ஜெபம் செய்யாத தண்ணீரை ஒரு தடவை காட்டிப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தண்ணீர் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு பேர் அவன் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி தோளை அமுக்கினாள். செல்வி காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவன் நெற்றியில் கை வைத்துச் சத்தமாக அதட்டினேன். வெளியே போ, வெளியே போ என்று ஒரு மணி நேரம். வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. அதை என் கையாலேயே வழித்து வழித்து முந்தானையில் துடைத்தேன். நடுவில் அவன் தெளிவாகப் பேசினான். "எக்கா, நா பேய் இல்லக்கா. நா முனுசாமிக்கா" என்றான்.

"வாய மூடு, ஒன்கிட்ட எவன் பேசுனான்?" என்றேன் நான். பிசாசிடம் பேசுவதாக நினைப்பு.

வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வந்தார். சத்தம் கேட்டு சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி முனுசாமிக்கு விசிறிக்கொண்டிருந்தாள். காற்று முகத்தில் படும்போதெல்லாம் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அதை அவர் ஐந்து நிமிஷம் பார்த்திருப்பார். "எல்லாரும் கைய எடுங்க. எஸ்தரு, எழுந்திரு" என்றார். ஒன்பது வருஷத்தில் ஜெபத்தின் நடுவில் அவர் வாய் திறந்ததே இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "முனுசாமி, எப்பவாச்சும் நாயி கடிச்சுதா?"

"கடிக்கலண்ணா. குட்டி வெளாட்டுக்குக் கவ்வுச்சு. கெண்டக்கால்ல பல்லு பட்டுது. ஆடி மாசம். சுண்ணாம்பு தடவுனேன், ஆறிப் போச்சு. அந்தக் குட்டி அந்த வாரமே செத்துப் போச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "எங்க வூட்டு கன்னுக்குட்டி நாயி கடிச்சு இப்டித்தான் செத்துது" என்று என் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னார்.

கம்பெனி வேனைக் கெஞ்சிக் கேட்டு, மெட்ராஸில் தொற்றுநோய்க்கு என்று இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூரத்திலிருந்து காட்டினார், முகத்தில் லேசாக ஊதினார். அவ்வளவுதான் பரிசோதனை. வெளியே வந்து எனக்கும் செல்விக்கும் விளக்கிச் சொன்னார். கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல ஏறி, இரண்டு மூன்று மாதத்தில் மூளைக்குப் போகுமாம். கடித்த உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம். மூளைக்குப் போய்விட்டால் மருந்து கிடையாது. "அவருக்கு தாகம் இருக்கும்மா. குடிக்கணும்னு ஆசையும் இருக்கு. தண்ணிய நெனச்சாலே தொண்டை இறுகிடுது, அதான் பயப்படுறார்" என்றார்.

"நேத்தே கொண்டாந்திருந்தா?" என்று கேட்டேன்.

"நேத்து வந்திருந்தாலும் இதேதான். ஆனா மணிக்கட்டெல்லாம் ஏன் இப்படிக் கன்னிப் போயிருக்கு? யாராவது புடிச்சு அமுக்கினீங்களா?"

ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்குத் துணி கட்டி இருட்டாக்கிய ஒரு தனி அறையில் அவனைப் படுக்க வைத்தார்கள். ஃபேன் போடவில்லை. வடக்குப்பட்டிலிருந்து அவன் அண்ணன் வந்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஆயாக்கள்கூட அவசியத்துக்குத்தான் வருவார்கள். செல்வி கதவருகில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் எச்சில் துடைத்தது, துணி மாற்றியது எல்லாம் நான்தான். இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. இது பெருமைக்கு எழுதுவதல்ல, வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தமாக ஜெபம் செய்யவும் வாய் வரவில்லை. அவன் வெறி பிடித்துக் கிடக்கவில்லை, நடுநடுவே நன்றாகத்தான் பேசினான். ஒரு தடவை, "எக்கா, குட்டிங்களுக்கு யாராச்சும் சோறு வெச்சாங்களா?" என்று கேட்டான். வைத்தார்கள் என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை விடியும்போது அடங்கிவிட்டான். கடைசி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

அன்றைக்கே டாக்டர் சங்கத்துப் பெண்களையும் வரவழைத்து எங்கள் கைகளைப் பார்த்தார். மற்ற மூன்று பெண்களுக்கும் காயம் இல்லை, சோப்புப் போட்டுக் கழுவியது போதும் என்றார். செல்வி அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், உடம்பில் அவன் நகக் கீறலும் இருந்தது. எனக்கோ ஆள்காட்டி விரலில் வெட்டு. "மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு வந்து நான் பார்த்ததில்ல. ஆனா வராதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் பதினாலு ஊசி எழுதினார்.

அந்த ஊசியைத் தொப்புளைச் சுற்றித்தான் போடுவார்கள். நாளைக்கு ஒன்று. நல்ல தடிமனான ஊசி, மருந்தும் நிறைய. போட்ட இடம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிக்கொள்ளும். அந்தக் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, சாகடித்து, அதிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்று கம்பவுண்டர் சொன்னார். ஸ்ரீபெரும்புதூர் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் தினமும் ஒன்பது மணிக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணூரிலிருந்து ஒரே பஸ். செல்வி முன் சீட்டில் உட்காருவாள், நான் பின்னால் உட்காருவேன். மழை அடிக்கும். இரண்டு பேர் புடவையும் நனைந்திருக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டாள். வரிசையிலும் அவள் முன்னால், நான் பின்னால். நாலாவது நாள் கம்பவுண்டர், "இன்னாம்மா, ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். பத்து நாளில் நான் கேட்ட அவள் குரல் அது ஒன்றுதான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துப் பார்ப்பேன். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் குடிக்கிற நேரம் பார்த்து அவர் முகச்சவரம் செய்துகொள்வார். கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பார். அதில் நான் தெரிவேன். நான் குடித்து முடித்த பிறகுதான் பிளேடை எடுப்பார். எத்தனையோ நாள் சோப்பு நுரை காய்ந்து போயிருக்கும். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போது என் டம்ளரின் அடியில் நெய்ல் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அது கழுவுகிறவர்களுக்கு அடையாளம். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவளுக்குத் தனி டம்ளர். சண்டை போட்டிருப்பேன், ஆனால் அவர்கள் பயம் எனக்கே இருந்ததே, என்ன பேசுவது?

பத்தாவது ஊசி போட்ட அன்று கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் மரத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பதினோராவது ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கினேன். இடது கால் என்னுடையதாகவே இல்லை, துணி மாதிரி மடிந்தது. விழுந்தேன். எழப் பார்த்தால் வலது காலும் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த செல்வி திரும்பிப் பார்த்தாள். ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினாள். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீர் தானாகப் போகவில்லை, குழாய் போட்டார்கள். குப்புறக் குனிய வைத்து முதுகெலும்பு நடுவில் நீளமான ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள். வலியைவிட, அசையக்கூடாது என்று நாலு பேர் என்னை அமுக்கிப் பிடித்ததுதான் கொடுமையாக இருந்தது. அமுக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. என் வீட்டுக்காரரை வெளியே கூட்டிப்போய்ப் பேசப் போனார். "எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர், என் காலு" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு காரணம் இருக்கலாம்மா. ஒண்ணு, அந்த ஊசி. ஆட்டு மூளையிலேருந்து செய்றதால, எப்பவாவது சில பேருக்கு உடம்பு அதை எதிர்க்கப் போயி, தன் சொந்த நரம்பையே சேத்து அடிச்சிடும். அப்படின்னா மருந்து இருக்கு, பெரும்பாலும் சரியாயிடும்."

"ரெண்டாவது?"

நானே சொன்னேன். "ரெண்டாவது முனுசாமிக்கு வந்தது."

"அது சில பேருக்குக் கத்தல் ஆர்ப்பாட்டம் இல்லாம, கால்லேருந்து சும்மா மரத்துக்கிட்டே மேல ஏறும். இவ்ளோ சீக்கிரம் வராது. ஆனா இல்லவே இல்லன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"எப்பத் தெரியும்?"

"நாலஞ்சு நாள்ல."

எதை வைத்துத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கட்டில் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளர் இருந்தது. மூன்று பேரும் அதைத்தான் பார்த்தோம்.

பழைய ஊசியை நிறுத்திவிட்டு, மூளையில் செய்யாத புது மாதிரி ஊசியைக் கையில் போடவேண்டும் என்றார்கள். அது ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்க வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அவர் எப்படியோ வாங்கிவந்தார். ஐஸில் வைக்காவிட்டால் கெட்டுவிடும் என்று, ஷிப்டுக்கு டீ கொண்டுபோகிற ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தை உள்ளே வைத்துக் கொண்டுவந்தார். "சைக்கிளு எங்க?" என்று கேட்டேன். "பஞ்சரு" என்றார். அது ஆறு மாதம் பஞ்சராகவே இருந்தது.

தினமும் காலையில் டாக்டர் குண்டூசியால் என் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வருவார். குத்துவது எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போடுவார். முதல் நாள் கோடு முட்டியில் இருந்தது. இரண்டாவது நாள் தொடை நடுவில். மூன்றாவது நாள் இடுப்பில். நாலாவது நாள் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, பழைய ஊசித் தழும்புகளுக்கும் மேலே. ஜெயா பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, என் காலை எடுத்து மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். அவள் தேய்ப்பது எனக்குத் தெரியவில்லை. "நல்லா கீதும்மா, நல்லா தேயி" என்று சொன்னேன். அந்தக் கோடு நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும்.

விஷயம் வார்டில் பரவிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி வேறு கட்டில் கேட்டுப் போய்விட்டாள். ஆயா டம்ளரை ஸ்டூலில் வைத்து, ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போவாள். நாகர்கோவில் பக்கத்துச் சிஸ்டர் ஒருத்தர் மட்டும் தொட்டுப் பேசுவார். "ஒண்ணும் ஆவாது கேட்டியளா, தைரியமா இருங்க" என்பார். சொல்லிவிட்டு அவரும் கையைக் கழுவப் போவார். அதற்கு நான் என்ன சொல்வது?

அந்த நாலாவது நாள் மத்தியானம்தான் அது நடந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன், தண்ணீர் உதட்டில் பட்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. இறங்கவில்லை. மூச்சு உள்ளே இழுத்து நின்றது. கட்டிலெல்லாம் தண்ணீர் கொட்டியது. டம்ளரில் முனுசாமியின் கண்தான் தெரிந்தது. இது நோயா, பயமா? எனக்கே தெரியவில்லை. அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கையில் கண்ணாடி இல்லை, ஒளித்துப் பார்க்க வழியில்லை. நேராகப் பார்த்துவிட்டார். "பதட்டத்துல அப்டித்தான் இருக்கும், கொஞ்சம் நேரம் கழிச்சு குடி" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. சாயங்காலம் முயற்சி செய்தோம், முடியவில்லை. மறுநாள் காலையிலும் முடியவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் கட்டிலருகே வந்து நின்று பார்த்தார், கோடு போட்டார், இன்னும் ஒரு விரல் மேலே. செத்துப்போவேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஜெயாவின் கல்யாணத்தை நினைத்துக்கூட அழவில்லை. அவன் சொன்ன வார்த்தையும் அதற்கு நான் சொன்ன பதிலும்தான் காதில் திரும்பத் திரும்ப வந்தது. செய்த வினை கழுத்தைச் சுற்றுகிறது என்று நினைத்தேன்.

பார்வையாளர் நேரத்தில் செல்வி வந்தாள். அவளுக்குப் பதினாலு ஊசியும் முடிந்திருந்தது. தனியாக பஸ் ஏறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். ஈரப் புடவையோடு கட்டிலிலேயே உட்கார்ந்தாள். அந்தக் கட்டிலில் ஐந்து நாளாக என் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

"செல்வி, அவன நா பேயின்னு சொன்னேன்" என்றேன்.

"சொன்ன. நா கேட்டுகினுதான இருந்தேன்." முந்தானை ஈரத்தைப் பிழிந்தாள். "ஒன்ன கூட்டியாந்தது யாரு? நானு. அவரு கால புடிச்சிகினு இருந்தது யாரு? நானு. வுடு செல்வி, வுடு செல்வின்னு என்னப் பாத்துதான் சொன்னாரு. பஸ்ஸுல ஒன் மூஞ்ச பாத்தா எனக்கு என் கைதான் நெனப்பு வருது. அதான் பேசல."

நான் அவள் கையைப் பார்த்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வர்ல. அது எனக்கு இன்னும் வர்லக்கா. ஆனா அவரு கூடப் பொறந்தவனே வாசல்ல நின்னு ஓடிட்டான். நீ ரெண்டு நாளு அவரு வாயத் தொடச்ச. அத நா பாத்துகினு இருந்தேன்." ஸ்டூலில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். "இன்னாது, தண்ணி எறங்கலியாமே? வாசல்ல தேவதாஸ் அண்ணன் சொல்லி அழுவுறாரு."

டம்ளரை எடுத்தாள். நான் வாய் வைத்துத் துப்பிய டம்ளர் அது. "ஏய், வேணாம்" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. வாய் வைத்துப் பாதியைக் குடித்தாள். எதிர்க் கட்டில்காரி "ஐயையோ" என்றாள். செல்வி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மீதியை என் உதட்டில் வைத்தாள். "எச்சி பாக்காத. குடி."

தொண்டை அடைத்தது. தலை வெட்டி இழுத்தது. மூக்கு வழியாக வந்தது. ஒரு கையால் என் பிடரியைத் தாங்கிக்கொண்டாள். அமுக்கவில்லை, தாங்கினாள். எதிர்க் கட்டில்காரி, "பேய் புடிச்சாப்பல இழுக்குது பாரு, வுடும்மா அத" என்றாள்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. அது எஸ்தரக்கா" என்றாள் செல்வி.

அன்றைக்கு அந்த வீட்டில் நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். அவன் பேரைச் சொல்லியிருந்தால் போதும். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையோடு ஒரு மடக்கு உள்ளே போனது. போனது எனக்கே தெரியவில்லை. "போச்சு பாரு, இன்னொன்னு" என்றாள். இரண்டாவது மடக்கு போனது. மூன்றாவதுக்கு டம்ளரை நானே பிடித்துக்கொண்டேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் குண்டூசியால் குத்திப் பார்த்தார். கோடு அதே இடத்தில் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அரை விரல் கீழே இறங்கியது. ஊசி செய்த கோளாறுதான், மற்றது இல்லை என்று டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். தொண்டை அடைத்தது பயத்தில்தான் என்றார். பயமே ஆளைக் கொல்லும் என்று சும்மாவா சொன்னார்கள். கால் திரும்ப மூன்று மாதம் ஆனது. முதலில் சுவரைப் பிடித்து நடந்தேன், பிறகு அவர் கம்பெனியில் குழாயை வளைத்துச் செய்துகொடுத்த கைத்தடி.

இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆடி மாசத்தில் முனுசாமி ஊசி போட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான். நாய்ப் பல் பட்டால், அது குட்டியாக இருந்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போக ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பஸ்ஸில் கூட வருகிறேன். வரிசையிலும் நிற்கிறேன். நோயாளி வீட்டில் இப்போதும் ஜெபம் செய்கிறேன், ஆனால் முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். தண்ணீரைக் கையில் எடுப்பதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "ஊசியெல்லாம் முடிஞ்சாச்சு, பயமில்ல. இருந்தாலும் நீங்களும் செல்வியும் ஒரு வருஷத்துக்கு இந்த நோயை ஞாபகம் வெச்சிருங்க." அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. செல்வி இப்போது தண்டலம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் வேன் ஆறரை மணிக்கு வரும். ஆறே காலுக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். பேச்சு அதிகம் இல்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுப்பேன்.

இன்றைக்கும் வந்தாள். பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். மீதியை நான் குடித்தேன். இறங்கியது.